குளிரும் குடியிருப்பும்

தமிழ் வெப்பநாட்டிற் பிறந்து வளர்ந்த மொழி என்பதற்கு அதன் சொற்களே சான்று பகரும். அன்புடையார் முகத்தைக் கண்டால் நமக்குக் கண் குளிர்கின்றது; நற்செய்தி கேட்டால் மனம் குளிர்கின்றது. அரசனது அருளைத் தண்ணளி என்றனர் முன்னோர். மொழியையே தண்டமிழ் எனப் போற்றினர். சினமும் பசியும் துயரமும் நமக்குச் சுடுவன; எரிப்பன. பனி பெய்யும் மேல்நாடுகளில் வாழ்வோரோ அன்பினை வெம்மையாகவும் அன்பின்மையைக் குளிராகவும் பேசுவர். எவர்க்கும் தமக்கு அரிதாக உள்ளதே நலமாகத் தோன்றுதல் இயல்பன்றோ?

கொழும்பிலே பிறந்து, நம் கல்லூரியிற் பயின்று, பயிற்றப்பட்ட ஆசிரியராகி, அந்நகரிலேயே பல ஆண்டுகள் தமிழ் கற்பித்த யாம், 2016ஆம் ஆண்டு ஜனவரியில் நுவரெலியா மாவட்டத்துத் தோட்டப் பாடசாலையொன்றுக்கு இடமாற்றம் பெற்றுச் சென்றோம். இன்றும் அங்கேயே பணிபுரிகின்றோம். கல்லூரித் தாயின் பிள்ளைகளுள் ஆசிரியத் தொழிலை மேற்கொண்டோர் சிலர் ஆண்டுதோறும் மலைநாட்டுக்கு நியமனம் பெறுகின்றனர். அவர்கள் எம்மைக் காணுந்தோறும் தவறாது கேட்கும் வினா ஒன்றே: "குளிர் ஒத்துவருமா?" அவ்வினாவுக்கு ஆறுதலாக இருந்து விடையளிக்க இவ்விழா மலர் எமக்கு இடந்தந்தது.

முதலில், நாம் விட்டுச் செல்லும் வெப்பம் எத்தகையது என்பதை அறிதல் வேண்டும். கொழும்பின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 28 பாகை செல்சியஸ். உலகிலே இதனினும் வெப்பமான நகரங்கள் பல உள. எனினும் கொழும்பின் வருத்தம் வெயிலால் மட்டும் வருவதன்று. கடற்காற்றுச் சுமந்து வரும் ஈரத்தாலும் வருவது. உடம்பு வியர்த்து, அவ்வியர்வை உலரும்போதே வெப்பம் நீங்குகின்றது. காற்றே ஈரம் நிறைந்திருக்கும்போது வியர்வை உலர்வதெங்ஙனம்? முதுகிலே வழிந்து சட்டையை நனைப்பதன்றி அது வேறொரு பயனும் தருவதில்லை. சித்திரை மாதத்துப் பிற்பகலில், நாற்பது மாணவர் நிறைந்த வகுப்பறையில், சுழலாது நின்ற மின்விசிறியின் கீழ்ப் புணர்ச்சி விதி கற்பித்தோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஆதலால், எமக்கு இடமாற்றக் கடிதம் வந்தபோது நண்பர் எல்லோரும் வாழ்த்துக் கூறினர். "பிறர் பணம் கொடுத்துப் போகும் இடத்துக்கு உமக்குச் சம்பளம் தந்து அனுப்புகின்றார்கள்" என்றார் ஒருவர். எம் அன்னையார் மட்டும் ஒன்றும் கூறாது, பெட்டியில் இருந்த பழைய போர்வைகளை எடுத்து வெயிலிற் காயவைத்தார்.

கோட்டையிலிருந்து புறப்பட்ட புகையிரதம் எம்மை நானுஓயாவில் இறக்கியது. அந்நிலையத்துக்குப் பாதை 1885ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. வழிநெடுக யாம் கண்ட மாற்றம் கண்ணுக்கு முன்னர்த் தோலுக்குத் தெரிந்தது. நாவலப்பிட்டி கடந்ததும் வியர்வை நின்றது. அட்டன் அணுகுகையில் சாளரத்தைச் சாத்தினோம். நானுஓயாவில் இறங்கியபோது எம் மூச்சே புகைபோல் வெளிப்படுவதைக் கண்டு எம் மகன் கைகொட்டிச் சிரித்தான். இதற்குக் காரணம் எளிது. ஆயிரம் மீற்றர் உயருந்தோறும் காற்றின் வெப்பநிலை ஏறத்தாழ ஆறரைப் பாகை குறைகின்றது. நுவரெலியா நகரம் கடல்மட்டத்துக்கு மேல் 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. கொழும்பின் இருபத்தெட்டிலிருந்து பன்னிரண்டைக் கழித்தால் எஞ்சும் பதினாறே நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி. ஒரே தீவில், ஒரே பகலில், ஒருவன் இருக்கையை விட்டு எழாமலே இரு வேறு சுவாத்தியங்களைக் காணலாம்.

முதல் மாதம் எங்கள் இல்லத்தில் நிகழ்ந்தவற்றை இனிக் கூறுவோம். அங்குச் செல்லவிருப்போர்க்கு இவை பயன்படும்.

தேங்காயெண்ணெய் போத்தலிலே வெண்மெழுகாய் உறைந்துவிட்டது. ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழ் அது உறையும் என்பது நூலறிவு. காலையில் தலைக்கு எண்ணெய் வைக்கப் போத்தலை அடுப்பருகே நிறுத்திக் காத்திருத்தல் வாழ்வறிவு. தோசைக்கு அரைத்து வைத்த மா மறுநாட் காலையிலும் அரைத்தபடியே இருந்தது. குளிரிலே மா புளிப்பது மெல்ல நடக்கும். அயல்வீட்டு அம்மையார் ஒருவர், பாத்திரத்தைப் பழந்துணியாற் சுற்றி அடுப்படியில் வைக்கும் முறையைக் காட்டித் தந்தார். பருப்பு வேகவில்லை. உயர்ந்த இடத்திற் காற்றின் அமுக்கம் குறைவாதலால் நீர் நூறு பாகைக்கு முன்னரே, ஏறத்தாழ 94 பாகையிலே கொதித்துவிடும். கொதிக்கும் நீர் யாவும் ஒரே சூடுடையதன்று. அமுக்கச் சமையற் பாத்திரம் ஒன்று வாங்கிய பின்னரே எம் இல்லத்திற் சாம்பார் சாம்பாராயிற்று. தோய்த்த ஆடை மூன்று நாளாகியும் உலரவில்லை. தைமாத இரவுகளில் வானம் தெளிந்திருந்தால், விடியலிற் புல்லின்மேல் வெள்ளுறைபனி படிந்திருக்கும். அந்நாளிற் பகல்வெயில் மட்டும் கண்ணைக் கூசவைக்கும்.

இவற்றுள் எதுவும் பெருந்துன்பமன்று. இவற்றுக்கு மருந்தும் உண்டு. தடித்த ஆடை ஒன்றினும் மெல்லிய ஆடைகள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அணிதல் நன்று. தாகம் தோன்றாவிடினும் நீர் பருகுதல் வேண்டும். வீடு தேடுவோர் வாடகையைக் கேட்குமுன் காலைவெயில் உள்ளே வருமா என்று கேட்கக் கடவர். கரியடுப்பை மூடிய அறையில் வைத்து உறங்குதல் உயிர்க்கே கேடு. அப்புகையிலுள்ள நச்சுவாயு நிறமும் மணமும் அற்றது. இவ்வளவும் அறிந்து நடந்தால் ஓராண்டில் உடம்பு பழகிவிடும். எமக்கு அவ்வாறே பழகிற்று. இரண்டாம் ஆண்டு விடுமுறையிற் கொழும்புக்கு வந்தபோது, வெள்ளவத்தை வீதியில் நடக்க மாட்டாது இளைத்தவர் யாமே!

எனவே, உடம்பைப் பற்றிய மட்டில் "குளிர் ஒத்துவருமா?" என்ற வினாவுக்கு, "ஒத்துவரும்" என்பதே எம் விடை. எனினும் அவ்வினாவுக்கு உடம்பு மட்டும் விடை கூறுவதில்லை என்பதைப் பாடசாலையிலே கண்டோம்.

ஒன்பதாம் தர மாணவர்க்கு ஐந்திணைப் பாடம் நடந்துகொண்டிருந்தது. முதற்பொருள் நிலமும் பொழுதும் என்று விளக்கி, ஆறு பெரும்பொழுதுகளையும் கரும்பலகையில் எழுதினோம். ஆவணி புரட்டாதி கார்; ஐப்பசி கார்த்திகை கூதிர்; மார்கழி தை முன்பனி; மாசி பங்குனி பின்பனி; சித்திரை வைகாசி இளவேனில்; ஆனி ஆடி முதுவேனில். கொழும்பிலே இதனைப் பல ஆண்டுகள் கற்பித்துள்ளோம். அங்கே இருப்பவை மழையோடு கூடிய வெப்பமும் மழையில்லாத வெப்பமுமே. ஆதலால் மாணவர் இதனை மனனம் செய்தனர். ஒருவரேனும் ஐயம் எழுப்பியதில்லை. குறிஞ்சிக்குரிய பெரும்பொழுது கூதிரும் முன்பனியும், சிறுபொழுது யாமம் எனத் தொல்காப்பியர் வகுத்ததையும் அவ்வண்ணமே ஒப்புவித்தனர்.

மலைநாட்டு வகுப்பிலோ ஒரு சிறுமி எழுந்து நின்றாள். "சேர், ஆனி ஆடியிலதானே எங்களுக்கு அடைமழை? முதுவேனில்னு போட்டிருக்கீங்களே" என்றாள். அவள் கூற்று முற்றும் உண்மை. தென்மேற்குப் பருவக்காற்று ஆனி ஆடியில் மேற்குச் சரிவுகளில் மோதி மழையாகப் பொழியும். அக்காலத்தில் மதியவேளையிலும் மூடுபனி வகுப்பறைக்குள் நுழையும். தமிழகத்துப் பெரும்பகுதிக்கு மேற்குத் தொடர்ச்சி மலைகள் அம்மழையை மறித்துவிடுவதால் அங்கே அது கோடை. இலக்கணம் அந்நாட்டைக் கண்டு எழுதப்பட்டது. அன்று பாடத்தை நிறுத்தி, கரும்பலகையின் மறுபாதியில் அம்மாணவர் கூறக்கூற, அவர்கள் மலைக்கு உரிய பெரும்பொழுதுகளை எழுதினோம். கூதிர் என்றால் என்ன என்று விளக்க வேண்டிய தேவையே எமக்கு இருக்கவில்லை. கை விறைத்து எழுதுகோல் நழுவுவது, தகரக் கூரையிலிருந்து இரவு முழுவதும் நீர் சொட்டுவது, யாமத்திற் கம்பளிக்காகத் தம்பியோடு இழுபறிப்படுவது என அவர்களே அதனை எமக்கு விளக்கினர்.

மணி அடித்து மற்றையோர் வெளியேறிய பின்னர் அச்சிறுமி நின்றாள். தமக்கையின் பழைய கம்பளிச் சட்டையைக் கைமடித்து அணிந்திருந்தாள். "சேர், நீங்க எப்ப போவீங்க?" என்று கேட்டாள். யாம் விளங்காது நோக்கினோம். மூன்று ஆண்டுகளில் நான்கு தமிழாசிரியர் வெளியூர்களிலிருந்து வந்து சென்றனர் என்றும், பாடநூலின் முற்பாதியையே தாம் மும்முறை படித்ததாகவும் கூறினாள். "எல்லாருமே குளிர் ஒத்துக்கலன்னு சொன்னாங்க சேர்." சற்றே நிறுத்தி, கோபமின்றி, உண்மையாகவே அறிய விரும்புபவள்போல், "எங்களுக்கு மட்டும் ஒத்துக்குதா சேர்?" என்றாள்.

சென்ற ஆசிரியரை யாம் குறைகூற வரவில்லை. வயோதிகப் பெற்றோரை விட்டு வந்தவர் உளர். இளங்குழந்தையோடு வாடகை அறையில் இருமியிருந்தவர் உளர். அவர்தம் இடர் மெய்யானதே. ஆயினும் அச்சிறுமியின் வினா எம்மைப் பின்தொடர்ந்தது. குளிர் அவர்களுக்கு ஒத்துக்கொண்டதா? அதனை அறிய அவர்தம் முன்னோர் வந்த வழியை நோக்குதல் வேண்டும்.

இத்தீவிலே வெப்பநிலத்திலிருந்து குளிர்நிலத்துக்குக் குடிபெயர்ந்த பெருங்கூட்டம் அவர்களே. ஆங்கிலேயர் நுவரெலியாவை உடல்நலத்துக்குரிய இடமாகக் கொண்டனர். 1840களின் பிற்பகுதியிற் சாமுவேல் பேக்கர் இங்குக் குடியேறித் தம் நாட்டுப் பயிர்களையும் கால்நடைகளையும் கொணர்ந்தார். அவர்கள் குளிரைத் தேடி வந்தவர்கள். திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம், புதுக்கோட்டை முதலிய வெயில்நிலங்களிலிருந்து வந்த தொழிலாளரோ பசியால் வந்தவர்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். வாந்திபேதியாலும் பட்டினியாலும் வழியிலே மாண்டோர் பலர். பருத்தித் துணியோடு மலையேறிய அவர்க்குத் தோட்டம் கொடுத்த கம்பளியின் விலையும் அவர்தம் கடன்கணக்கில் ஏறிற்று. 1867இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்டார். 1869 முதல் இலைநோய் கோப்பியை அழித்துவந்தது. கோப்பிக்கு அறுவடைக் காலத்திலேதான் பலர் வேண்டியிருந்தது. தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கைகள் வேண்டியிருந்தன. ஆகவே குடும்பங்கள் லயங்களிலே நிலையாகத் தங்கின.

அவ்வாறு தங்கியோர் எவ்வூரார் என்பதே பின்னர் வழக்காயிற்று. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் அவர்களுட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 ஒக்டோபரில் இரு நாட்டுப் பிரதமரும் செய்த உடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சியோர்க்கு 1974இல் முடிவு கண்டனர். அனுப்பப்பட்டவருள் ஒரு பகுதியினர் நீலகிரியிலே மீண்டும் தேயிலை பறிக்கலாயினர். வேறு பலர் தாம் கண்டறியாத வெயில்நிலத்திற் குடியேறினர். "வெயில் ஒத்துவருமா?" என்று அவர்களை எவரும் கேட்டிலர். இங்கு எஞ்சிய நாடற்றோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை கிடைத்தது. அச்சிறுமி அச்சட்டத்தின் பின்னர்ப் பிறந்தவள். எனினும் அவள் உறங்குவது பாட்டி பிறந்த அதே லயத்து அறையிலேதான்.

நாம் குளிர் என்று கூறுவது ஒரே குளிரன்று. சுற்றுலா வந்தவர்க்கு அது இரண்டு நாள் இன்பம். எம்போல்வார்க்குப் போர்வையும் வெந்நீரும் கொண்டு வெல்லத்தக்க இடர். இடையிலே படங்கு கட்டி, காலை ஏழரைக்கெல்லாம் நனைந்த செடிகளுக்குள் இறங்கும் தாய்மார்க்கு அது தொழிலின் ஒரு கூறு, அட்டைக்கடிபோல, கூடைச்சுமைபோல. மழை மிகுந்தாலோ இடர் குளிரோடு நிற்பதில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் பெருமழையால் மலைநாட்டிலே மண்சரிவில் மாண்டோரை நாம் மறத்தற்கில்லை. வெப்பமானியில் எல்லார்க்கும் ஒரே எண் தோன்றினும், அதனைத் தாங்கும் சுவரும் கூரையும் கம்பளியும் எல்லார்க்கும் ஒன்றாக இல்லை. அவர்கட்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்கள் அதனோடு இருந்து பழகினர். இதுவே அச்சிறுமியின் வினாவுக்கு யாம் கண்ட விடை.

விடை கண்டமை போதுமா? மூன்றாம் ஆண்டின் இறுதியிற் கொழும்புக்கு மீளும் இடமாற்றத்துக்கு விண்ணப்பிக்கும் வாய்ப்பு வந்தது. எம் அன்னையார்க்கு அப்பொழுது அகவை எழுபதைக் கடந்திருந்தது. மார்கழி பிறந்தால் முழங்கால் மடிக்க இயலாது. இரவில் உறக்கமின்றி அடுப்பங்கரையில் இருப்பார். மகனுக்குக் கடமை தாயிடத்தா, மாணவரிடத்தா? பட்டிமன்றத்தில் இருதரப்பிலும் நின்று எம்மாற் பேச இயலும். இல்லத்தில் அது இயலவில்லை. விண்ணப்பத்தாள் இரு வாரம் மேசைமேற் கிடந்தது. அதனைக் கண்ட அன்னையார் ஒருநாள் எம்மை அழைத்து, "தம்பி, எனக்காண்டி நீ இடம் மாற வேண்டாம். மார்கழி, தை, மாசி மட்டும் என்னைத் தங்கச்சி வீட்டிலை விட்டுவிடு. பங்குனி பிறக்கக் கூட்டிக்கொண்டு வா. அந்தப் பிள்ளையள் பத்தாம் வகுப்பல்லோ?" என்றார். வகுப்பறையில் நடந்ததை யாம் அவர்க்குக் கூறியதில்லை; எம் மனைவியார் கூறியிருத்தல் வேண்டும்.

அவ்வாண்டு யாம் விண்ணப்பிக்கவில்லை. அவ்வகுப்பினர் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுதும்வரை ஒரே ஆசிரியரிடம் தமிழ் கற்றனர். அதன் பயன் சிறிதோ பெரிதோ, பாடநூலின் பிற்பாதியை அவர்கள் கண்டனர். அச்சிறுமி உயர்தரத்திலும் தமிழ் பயின்று, இப்பொழுது தானே கல்வியியற் கல்லூரியிற் சேரவேண்டும் என்கின்றாள். எம் அன்னையார் இன்றும் ஆண்டுக்கு மூன்று மாதம் கொழும்பிலே கழிக்கின்றார். அம்மூன்று மாதமும் எம் இல்லத்துத் தோசை சரியாகப் புளிப்பதில்லை என்பதையும் கூறவேண்டும்.

மலைநாட்டுக்கு நியமனம் பெறும் இளைய நண்பர்களே, உங்கள் எல்லோர்க்கும் இவ்வழியே உரியது என்று யாம் கூறோம். ஒவ்வோர் இல்லத்தின் இடரும் வேறு. யாம் வேண்டுவது ஒன்றே. முதல் மார்கழியிலே, கைவிறைத்த இரவிலே முடிவு செய்யாதீர்கள். பங்குனி வரும்வரை பொறுங்கள். திரும்பிச் செல்ல நேர்ந்தாலும் ஆண்டின் நடுவே செல்லாது, எடுத்த வகுப்பை ஒரு பரீட்சைவரையேனும் கொண்டுசென்று விடுங்கள். பிரியும் நாளில் மாணவர்க்கு மெய்யான காரணத்தைக் கூறுங்கள். பெற்றோர் நோயெனின் நோயென்றே கூறுங்கள். அவர்கள் அதனை விளங்கிக்கொள்வர். குளிரின்மேல் மட்டும் பழியை ஏற்றாதீர்கள். அக்குளிரிலே வாழ்பவர்களிடம் அதனைக் கூறுகின்றோம் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

புறப்படும்போது இருவர்க்கு மூன்று போர்வை கொண்டுசெல்லுங்கள். மூன்றாவது, வகுப்பில் எவர்க்கேனும் வேண்டியிருக்கும்.